ஜப்பானிய மொழி: தொடக்கத்தில் வரும் சந்தேகங்கள்

ஜப்பானிய வார்த்தைகளைத் தமிழிலேயே எழுதி வைத்துப் படிக்கிறேன். வேகமாகப் போகிறது. இப்படியே தொடரலாமா?

வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள். 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'தங்கம்' என்பதில் வரும் ககரமும் நமக்கு ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் அவை வேறு வேறு. சீமைப் பனிச்சைப் பழத்தின் பெயரையும் சாவியின் பெயரையும் உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'ககி' என்றுதான் வரும். ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிராகனாவில் எழுதினால், சாவிக்குரிய 'கி'யின் வலது மேல்மூலையில் இரண்டு சின்னக் கோடுகள் ஏறியிருக்கும். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் ஜப்பானிய எழுத்தைக் கண் தேடவே தேடாது. அடிப்படை ஹிராகனா 46தான். அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க வரிசை, ச வரிசை, த வரிசை என்று போகும். சமஸ்கிருத எழுத்துமுறையைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக வந்த அடுக்கு என்பதால் நமக்கு அந்நியமாகவே இருக்காது. நாளுக்கு ஒரு வரிசை போதும். குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழ்க் காதுக்குப் பழகியவை. மற்ற நாட்டு மாணவர்கள் திணறும் இடம் இது, நாம் எளிதாகத் தாண்டிவிடலாம்.

பிறமொழிச் சொற்களை எழுதும் கத்தகானாவில் 'ஷி', 'ட்சு' இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

கையால் எழுதுங்கள். 'ஷி'யில் இரண்டு சிறு கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்று. நீளக் கோடு கீழிருந்து மேலேறும். 'ட்சு'வில் அவை பக்கத்தில் பக்கத்தில். நீளக் கோடு மேலிருந்து கீழிறங்கும். மொபைலில் மட்டும் தட்டிப் பழகினால் இந்த வேறுபாடு மனதில் நிற்காது.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 2,136 என்கிறார்களே?

அது 2010இல் திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியல். ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026தான் படிக்கிறார்கள். தொடக்கத்தில் உங்களுக்கு நூறு போதும். ஆனால் ஓர் எழுத்துக்கு எத்தனை ஒலிப்பு என்று பட்டியல் போட்டு உருப்போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி' என்பார்கள். அந்த ஒரே சொல்லில் சூரியனுக்குரிய எழுத்து முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'. சொல்லாகப் படித்தால் ஒலிப்பு தானாக வந்து சேரும்.

சொற்கள் மறந்துபோகின்றன.

பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், வினையோடு சேர்த்துப் படியுங்கள். சட்டை, செருப்பு, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் நாம் 'போடுகிறோம்'. அங்கே சட்டைக்குக் கிரு, செருப்புக்கு ஹகு, தொப்பிக்குக் கபுரு, கண்ணாடிக்குக் ககேரு (ஒலிக்காக மட்டும் தமிழில் தருகிறேன்). பெயர், உருபு, வினை என்ற வரிசை தமிழில் உள்ளதுதான். அதனால் சின்ன வாக்கியமாகவே எழுதி வையுங்கள்.

என் மகள் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக விரும்புகிறாள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 போதுமா?

போதாது. 2019இல் வந்த 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசாவுக்குப் பொதுவாக அடுத்த நிலையான என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற இன்னொரு மொழித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். பராமரிப்புத் துறைக்குத் தனியாக ஒரு மொழித் தேர்வும் உண்டு. என்5ஐ முதல் படியாக எழுதட்டும். 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். கேட்டல் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.