கிளாக்கோமாவில் நரம்பு செல் எப்படி அழிகிறது? கேள்வி பதில்

கிளாக்கோமா, பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தோடு தொடர்புடைய கண்நோய். அதில் பார்வை நரம்பு சிதைவது பற்றி வந்த கேள்விகளுக்கு, விழித்திரை உயிரியலில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுள்ள ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: கண்ணுக்குள் எல்லாச் செல்களின்மீதும் ஒரே அழுத்தம்தானே இருக்கிறது? பிறகு ஏன் நரம்பு மட்டும் பாதிக்கப்படுகிறது?

அழுத்தம் எங்கும் ஒன்றுதான். ஆனால் அதற்கு வளைந்துகொடுக்கும் இடம் ஒன்றே ஒன்று. பார்வைச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் கேங்லியான் செல்கள் ஒரு கண்ணில் சுமார் 10 லட்சத்துக்கும் சற்று மேல் உள்ளன. ஒவ்வொன்றும் ஆக்சான் என்ற ஒற்றை நீள இழையை நீட்டுகிறது. இந்த இழைகள் விழித்திரையின் உட்பரப்பில் ஓடிவந்து, நரம்பின் தலைப்பகுதியில் சட்டென்று திரும்பி, கொலாஜன் தகடுகளால் ஆன ஒரு சல்லடையின் துளைகள் வழியாகக் கண்ணை விட்டு வெளியேறுகின்றன. விழியின் வெண்சுவரோடு ஒப்பிட்டால் இந்தச் சல்லடை மெல்லியது. முன்னால் விழியின் அழுத்தமும் பின்னால் மூளைத் தண்டுவடத் திரவத்தின் குறைந்த அழுத்தமும் இருக்க, அது பின்னோக்கிக் குழிகிறது. துளைகள் உருக்குலைந்து இழைகள் நெரிபடுகின்றன. ஒளியுணர் செல்களின் இழைகள் கண்ணைத் தாண்டிப் போவதே இல்லையாதலால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

கேள்வி: நான் மருத்துவ மாணவி. நெரிபட்ட இழைக்குள் மூலக்கூறு அளவில் முதலில் என்ன நிகழ்கிறது?

போக்குவரத்து நிற்கிறது. ஆக்சானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. அவற்றின் மேல் கைனெசின் என்ற புரதம் செல் உடலிலிருந்து மூளையை நோக்கிச் சரக்கை இழுத்துச் செல்ல, டைனீன் எதிர்த்திசையில் இழுத்து வருகிறது. போகும் சரக்கில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இழையைப் பராமரிக்கும் புரதங்களும் அடக்கம். வரும் சரக்கில் முக்கியமானது பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. மூளையிலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை செல் உயிர்த்திருக்க உதவுகிறது. 1974-இல் வெளியான ஆய்வொன்றில், குரங்குகளின் கண்ணழுத்தத்தை உயர்த்தி, கதிரியக்க அடையாளமிட்ட புரதங்களைப் பின்தொடர்ந்தபோது, அவை சரியாக இந்தச் சல்லடையருகே வந்து தேங்கின. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவ்விடத்து இழையைப் பார்த்தால், மைட்டோகாண்ட்ரியாவும் நுண்பைகளும் அடைந்துபோய், இழை உருண்டு உப்பியிருக்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விழிக்குள் ஓடும் ஆக்சான்களுக்கு மயலின் என்ற காப்பு உறை கிடையாது. சல்லடையைக் கடந்த பிறகே உறை தொடங்குகிறது. உறையற்ற இழையில் மின்துடிப்பைக் கடத்த, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அதிகம் செலவாகும். ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே வழியும் அடைபடுகிறது.

கேள்வி: செல் அப்போப்டோசிஸ் (தன்னைத் தானே அழித்துக்கொள்ளுதல்) மூலம்தான் இறக்கிறது என்று படித்தேன். அதைத் தடுத்துவிட்டால் பார்வையைக் காப்பாற்ற முடியாதா?

இக்கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் கிளாக்கோமா உயிரியலின் மையம் இதுதான் என்பது என் கருத்து.

இழையில் அடிபட்ட செய்தியை டிஎல்கே என்ற நொதி பிடித்துக்கொள்கிறது. அது ஜேஎன்கே என்ற இன்னொரு நொதியைத் தூண்ட, ஜேஎன்கே செல் கருவில் சி-ஜுன் என்ற புரதத்தைச் செயல்பட வைக்க, இறுதியில் பாக்ஸ் என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடுகிறது. அதனுள் இருக்கும் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசிந்ததும் காஸ்பேஸ்கள் என்ற வெட்டும் நொதிகள் செல்லை உள்ளிருந்தே பிரித்துப்போடுகின்றன. டிபிஏ/2ஜே என்ற எலி இனத்துக்கு வயதாகும்போது கருவிழிப்படலத்தின் (ஐரிஸ்) நிறமி உதிர்ந்து, தானாகவே கிளாக்கோமா வரும். இந்த எலிகளில் பாக்ஸ் மரபணுவை நீக்கி 2005-இல் ஒரு முடிவு வெளியாயிற்று: செல் உடல்கள் காப்பாற்றப்பட்டன, ஆனால் ஆக்சான்கள் அழிந்தன. விழித்திரையில் செல்கள் உயிரோடு இருக்கின்றன, மூளைக்குக் கம்பி இல்லை. பார்வைக்கு அதனால் பயனில்லை.

ஆக, செல் உடலும் இழையும் வெவ்வேறு வழிகளில் சாகின்றன. இழையின் சாவுக்குத் திறவுகோல் சார்ம்1 என்ற நொதி. என்எம்நாட்2 என்ற இன்னொரு நொதி செல் உடலில் உருவாகி, இழை முழுதும் தொடர்ந்து அனுப்பப்பட வேண்டியது. அதன் ஆயுள் சில மணி நேரமே. போக்குவரத்து நின்றால் அது விரைவில் தீர்ந்துவிடும். உடனே சார்ம்1 விழித்துக்கொண்டு, ஆற்றல் உற்பத்திக்கு இன்றியமையாத என்ஏடி மூலக்கூறை உடைத்துத் தீர்க்கிறது. ஏடிபி சரிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, இழை துண்டு துண்டாகிறது. முதிர்ந்த கேங்லியான் செல்லால் அறுந்த இழையைத் தானாக மீண்டும் வளர்க்க இயலாது. எனவே இரு சாவுகளையும் சேர்த்துத் தடுக்காத எந்த மருந்தும் பாதி மருந்துதான்.

கேள்வி: என் தந்தையின் கண்ணழுத்தம் 15 மட்டுமே. அவருக்கும் கிளாக்கோமா என்கிறார்கள். எப்படிச் சாத்தியம்?

வழக்கமான வரம்பு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பது மக்கள் தொகையின் புள்ளிவிவரம்; உங்கள் தந்தையின் நரம்பு தாங்கும் அளவு அதுவல்ல. சிலரில் நரம்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவு. அரிதாகச் சில குடும்பங்களில் ஆப்டினியூரின் அல்லது டிபிகே1 மரபணுவில் மாற்றம் இருக்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் துப்புரவுப் பணியோடு தொடர்புடைய மரபணுக்கள் இவை. ஆனாலும் அழுத்தத்தைக் குறைப்பது இவர்களுக்கும் பயன்தரும். 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 30% குறைத்த கண்களில் சுமார் 12 விழுக்காடும், சிகிச்சை தராத கண்களில் 35 விழுக்காடும் நோய் முற்றின. ஆகவே எண் சரியாக இருக்கிறதென்று அவர் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: குளூட்டமேட் நச்சுத்தன்மைதான் காரணம் என்று முன்பு சொல்வார்களே?

சொன்னார்கள். நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் அளவு மீறினால், செல்லின் மேலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் திறந்துவைத்துக் கால்சியத்தை உள்ளே பாய்ச்சும் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பியைத் தடுக்கும் மெமான்டின் என்ற மருந்து, குரங்குகளில் நம்பிக்கை தந்தபின் மனிதர்களில் நடந்த இரு பெரிய சோதனைகளில் பலன் காட்டவில்லை. குளூட்டமேட்டை நான் இன்று துணைக் காரணமாக மட்டுமே பார்க்கிறேன்.

கேள்வி: கிளியா செல்கள் காப்பாற்றுகின்றனவா, கெடுக்கின்றனவா?

நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் இந்தச் செல்கள் இரண்டையும் செய்கின்றன. அவற்றில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகள் இயல்பாக ஆக்சான்களுக்கு உணவூட்டுபவை. ஆனால் நோயெதிர்ப்பு வேலை செய்யும் இன்னொரு வகையான மைக்ரோகிளியா தூண்டப்பட்டு ஐஎல்-1ஆல்ஃபா, டிஎன்எஃப், சி1க்யூ ஆகிய மூன்று புரதங்களையும் வெளியிட்டால், ஆஸ்ட்ரோசைட்டுகள் நியூரான்களைக் கொல்லும் வகையாக மாறுகின்றன என்று 2017-இல் காட்டப்பட்டது. சி1க்யூ இன்னொரு வேலையும் செய்கிறது: செல்கள் சாவதற்கு முன்பே, விழித்திரையின் சினாப்சுகளில் (நரம்பு செல்களின் இணைப்புகளில்) ஒட்டி, அவற்றை அகற்றுவதற்கு அடையாளமிடுகிறது.

கேள்வி: அப்படியானால் வைட்டமின் பி3 மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

என்ஏடி குறைவதைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் தர்க்கத்திலிருந்தே இந்த யோசனை பிறந்தது. 2017-இல் டிபிஏ/2ஜே எலிகளுக்கு வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடு கொடுத்தபோது பெரும்பாலான கண்களில் நரம்பு காக்கப்பட்டது. 2020-இல் மனிதர்களிடம் நடந்த சிறிய ஆய்வில் விழித்திரையின் உள்ளடுக்குச் செயல்பாடு ஓரளவு மேம்பட்டது. ஆனால் அங்கே கொடுத்த அளவு கிராம் கணக்கில். அன்றாடத் தேவையோ சுமார் 15 மில்லிகிராம். கிராம் கணக்கிலான அளவு கல்லீரலைப் பாதிக்கக்கூடும். கடையில் நியாசின் என்று விற்பது பெரும்பாலும் நிக்கோட்டினமைடு அல்ல, நிக்கோட்டினிக் அமிலம். அது முகம் சிவந்து எரிச்சல் தரும் வேறு வேதிப்பொருள். மருத்துவரிடம் கேட்டு, கல்லீரல் சோதனைக்கு உடன்பட்டு, சொட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே எடுப்பதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.