ஊருக்கு பார்க், கிரவுண்ட் பிளான் பண்றது: கேள்வி பதில்

கேள்வி (செங்கல்பட்டு பக்கம்): எங்க லேஅவுட் பிளான்ல பார்க்னு காட்டின இடம் ரொம்ப வருஷமா முள்ளுக்காடா கெடக்கு. அசோசியேஷனே வேலி போட்டுடலாமா மேடம்?

பதில்: முதல்ல வில்லங்கம் போட்டு இடம் யார் பேர்ல இருக்குனு பாருங்க. 3000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் ஓஎஸ்ஆர் இடமா, அதாவது பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளியா விட்டு தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு குடுக்கணும், 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்கு பதிலா வழிகாட்டி மதிப்புல காசு கட்ட வழி இருக்கு, அதுக்கு மேல போனா இடமாவேதான் விடணும். பத்திரம் ஆகியிருந்தா அது பொது இடம், பூட்டு போட்டு எங்க ஆளுங்க மட்டும்னு சொல்ல முடியாது. பராமரிப்ப நாங்க பாத்துக்கறோம்னு எழுதிக் குடுத்து கேளுங்க.

கேள்வி (ஒரு கிராம பஞ்சாயத்து): 40 சென்ட் இடம் இருக்குங்க. பசங்க கிரிக்கெட் கிரவுண்ட் கேக்குறாங்க, பெருசுங்க வாக்கிங் பாதை கேக்குறாங்க. எதைப் போடறது?

பதில்: 40 சென்ட்னா கிட்டத்தட்ட 40 மீட்டருக்கு 40 மீட்டர்ங்க, கிரிக்கெட்டுக்கு பத்தவே பத்தாது. ஆனா வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர்தான், சுத்தி 3 மீட்டர் விட்டாலும் 24க்கு 15ல முடிஞ்சிடும், கபடி 13க்கு 10, ஓரத்தோட பாதை போட்டா ஒரு சுத்து 140, 150 மீட்டர் வரும், இவ்வளவும் போட்டும் சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு மூலை மிஞ்சும். ஆனா அளக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. காலைல 6, மதியம், சாயங்காலம் 5, ராத்திரி 8, இந்த நேரத்துல எல்லாம் அந்த இடத்துல போய் நின்னு யார் வர்றாங்கனு எழுதுங்க, அதைவிட முக்கியம் யார் வரலைங்கறது. கேக்குறவங்க ரெண்டு கூட்டம்னு சொல்றீங்க, ரெண்டுலயும் பொம்பளைங்க இருக்காங்களா? அவங்க மீட்டிங்ல வாயே திறக்க மாட்டாங்க, ரேஷன் கடைலயும் மகளிர் குழுவுலயும் போய் கேளுங்க. "என்ன வேணும்"னு கேக்காதீங்க, கேட்டா ஜிம், ஊஞ்சல்னுதான் வரும், "சாயங்காலம் 5 மணிலருந்து 7 மணி வரைக்கும் என்ன பண்றீங்க"னு கேளுங்க, அப்பதான் எது தேவைனு புரியும்.

கேள்வி: பத்து வயசு தாண்டுனா பொண்ணுங்க கிரவுண்டுக்கே வர்றதில்லையே மேடம்?

பதில்: இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறதில்லம்மா. ஆஸ்திரியாவுல வியன்னா நகரத்துல 1990கள்ல கவனிச்சுப் பாத்ததுல 9 வயசுக்கு மேல பார்க்குக்கு வர்ற பொண்ணுங்க திடுதிப்புனு குறைஞ்சிருந்தாங்க, ஏன்னா இருக்குற ஒரே பெரிய இடத்த பையனுங்க பிடிச்சுக்குவாங்க, போட்டி போட்டு இடம் பிடிக்க பொண்ணுங்க வரல. அப்புறம் 1999ல ரெண்டு பார்க்க எடுத்து இடத்த சின்ன சின்னதா பிரிச்சு, நடைபாதை கூட்டி, வாலிபால், பேட்மின்டனுக்கு இடம் விட்டு மாத்துனாங்க, பொண்ணுங்க திரும்ப வந்தாங்க. நம்ம ஊருக்கு இதோட இன்னும் மூணு சேரணும்: லைட்டு, தண்ணி வர்ற கழிப்பறை, ரெண்டு வாசல். ஒரே வாசல்ல பசங்க பைக்க போட்டு உக்காந்துட்டா எந்தப் பொண்ணு தாண்டி உள்ள போவா?

கேள்வி: வீல்சேருக்கு ராம்ப் போட்டா போதுமா?

பதில்: ஒரு அடி ஏத்தத்துக்கு 12 அடி நீளமாவது வேணும், அவசரத்துல செங்குத்தா போடறதுல யாராலயும் ஏற முடியாது. அப்புறம் பைக் வரக்கூடாதுனு வாசல்ல வளைச்சு ஒரு கம்பி வைப்பாங்க பாருங்க, ராம்ப் எல்லாம் சரியா இருந்தும் வீல்சேர் அந்தக் கம்பிலயே நின்னுடும். 90 சென்டிமீட்டராவது நேர் வழி விடுங்க.

கேள்வி: சாமான் எல்லாம் ஒரே வருஷத்துல உடைஞ்சு போகுது, யார் சரி பண்றது?

பதில்: திட்டம் எழுதும்போதே மோட்டார் கரண்ட் பில் யாரு, சாவி யார்ட்ட, குப்பை யாரு எடுக்கணும்னு எழுதிடணும், இது எழுதாத திட்டத்துக்கு நான் சரின்னே சொல்லமாட்டேன். நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு மூணுல ஒண்ணு போட்டா மிச்சத்த அரசு தருது, காசு போட்ட ஊர்ல பொருள பாத்துக்கவும் ஆள் வர்றாங்க. கிராம சபை இப்ப வருஷத்துக்கு 6 தடவை கூடுது, தீர்மானமா போட்டு பதிவு பண்ணுங்க, வாய்ல சொல்லிட்டு வராதீங்க.

கேள்வி: எந்த மரம் வைக்கலாம்?

பதில்: புங்கன், வேம்பு, பூவரசு. பெஞ்சுக்கு மேற்கு பக்கமா வைங்க, சாயங்கால வெயில் அங்கருந்துதான் அடிக்கும்.