பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுகளின் ஃபிஞ்ச் குருவிகள் தீனிக்கேற்ப அலகை மாற்றிக்கொண்டது எப்படி?

எந்தக் குருவியும் தன் ஆயுளில் அலகை மாற்றிக்கொண்டதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறியது.

நம்ம ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நெருஞ்சி முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்று கலாபகஸைச் சேர்ந்த டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவிலும் முளைக்கிறது. 1973 முதல் உயிரியல் ஆய்வாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். (பொறுமைக்கே ஒரு பரிசு தரலாம்!)

1977-ல் மழை பொய்த்தது. மெல்லிய சின்ன விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியது பெரும்பாலும் அந்த நெருஞ்சிச் சொந்தக்காரச் செடியின் முள்காய் மாதிரி கெட்டியானவை. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சிறிய அலகுக் குருவிகள்தான் அதிகம் செத்தன. அலகின் பருமன் பெற்றோர் வழி வருவது என்பதால், பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரியாகத் தடித்த அலகே அமைந்தது. 1983 வாக்கில் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) மழை கொட்டித் தீர்த்ததும் சின்ன விதைகள் மண்டின. பிறகு சிற்றலகுக்கு மவுசு திரும்பியது.

தனுஷ்கோடியில் தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டும் பூநாரையையும், மண்ணைக் குத்தித் துழாவும் உள்ளானையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவை தூரத்துக் குடும்பங்கள். கலாபகஸில் ஒரே மூதாதைதான் பத்துக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தது.