இரண்டு அரைப் பீப்பாய் மாவு

வணக்கம் சார்,

அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் தன் சிறுவயதுக் குடும்ப வாழ்க்கையை வைத்து எழுதிய கதைகளை என் ஒன்பது வயது மகளுக்கு இரவில் படித்துக் காட்டுகிறேன். அரசாங்கத்திடம் எதையும் எதிர்பார்க்காமல் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டே இருந்த அந்த அப்பாவைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நம் ஆட்கள் இலவசத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் கன்சாஸில் குடியேறியது ஓசேஜ் பழங்குடியினரின் நிலம் என்று இப்போதுதான் தெரிந்தது. மகளிடம் அதைச் சொல்லலாமா, தாண்டிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

சொல்லுங்கள். அடுத்தவர் இடத்தில் போய் உட்காருவது தப்பு என்று ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். 1869-இல் லாராவின் அப்பா சார்லஸ் இங்கல்ஸ் மரவீடு கட்டிய இடம் ஒப்பந்தப்படி ஓசேஜ்களுடையது. அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு அவர்களைத் தெற்கே அனுப்ப வழி செய்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு வரி, அந்த வரிசை பற்றியது. யாருடைய தயவும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் ஏறிப்போய் இருந்த சமயத்தில் சரியாக வந்து மாட்டினீர்கள்.

முதலில், மேற்கே போய்க்கொண்டே எல்லாம் இல்லை. கன்சாஸிலிருந்து 1871-இல் விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள். 1874-இல் மினசோட்டா. அங்கே கோதுமையை வெட்டுக்கிளி தின்றுவிட, கிழக்கே அயோவா. அங்கே வாடகை பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி மறுபடி மினசோட்டா, பிறகு 1879-இல் டகோட்டா. தைரியம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் பாதி கடன்காரன் ஓட்டம்.

வெட்டுக்கிளி வந்த வருடங்களில் சார்லஸ் கிழக்கே நடந்தே போய் அறுப்புக் கூலி வேலை பார்த்தார். அதுவும் போதவில்லை. 1875 நவம்பரில், வீட்டில் மூன்று பெண் குழந்தைகளும் பிறந்து ஒரு மாதமே ஆன ஒரு பையனும் இருக்கும்போது, தனக்குப் பிழைக்க எந்த வழியும் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அரசு நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவு வாங்கினார். ஆமாம், நீங்கள் பொறாமைப்படும் அதே அப்பாதான். இந்த மாவு அந்தக் கதைகளில் கிடையாது.

நீங்கள் அப்படி எங்கும் நின்றதில்லை போலிருக்கிறது. எனக்குக் கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்க அப்பா என்னோடு தாலுகா ஆபீஸுக்கு வந்தார். விடிந்தால் வயலில் இருக்கிற மனிதர். தொகை எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், பின்னால் நின்றவர் சலித்துக்கொள்ளும் வரை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் பார்க்கவே இல்லை. வாங்குகிறவனுக்குக் கூச்சம் கிடையாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

மினசோட்டாவில் 1876-இல் கவர்னரான ஜான் பில்ஸ்பரியும் உங்களைப் போலத்தான் நினைத்தார், நிவாரணம் கொடுத்தால் ஜனங்கள் உழைக்க மாட்டார்கள் என்று. மாவு ஆலைக் குடும்பத்துக்காரர் வேறு! 1877 ஏப்ரல் 26-ஐ வெட்டுக்கிளி ஒழியப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். பிரார்த்தனைக்குச் செலவில்லை.

சரி, டகோட்டா? அங்கேயும் நிலம் 1862-ஆம் வருடத்து ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு கொடுத்த 160 ஏக்கர். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால், கட்டணம் போக, நிலம் இலவசம். இலவசம், க.! நம் ஊரில் மிக்ஸி கொடுத்தால் கேலி செய்கிறோம், அங்கே 160 ஏக்கர் கொடுத்தால் வீரம். அந்த நிலத்தைக் கொடுக்க முடிந்ததே அதில் ஏற்கெனவே இருந்தவர்களை அரசு அப்புறப்படுத்தியதால்தான். சார்லஸின் உழைப்பை நான் குறைக்கவில்லை. 1886-இல் உரிமை கைக்கு வந்தது, அடுத்த வருடமே டவுனில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். அவ்வளவு உழைத்தும் அந்த நிலம் சோறு போடவில்லை.

மூத்தவள் மேரிக்கு 1879-இல் கண் பார்வை போனது தெரிந்திருக்கும். 1881-இல் அயோவாவில் வின்டன் ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனாள். டகோட்டாவில் அப்படிப் பள்ளி இல்லாததால் படிப்புக் கட்டணத்தை டகோட்டா நிர்வாகம் கட்டியது. ரயில் செலவு, துணிமணிக்குக் குடும்பமே பணம் சேர்த்தது, லாராவும் சம்பாதித்துக் கொடுத்தாள். மகளிடம் ஓசேஜ் பற்றிச் சொல்லும்போது இந்தக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.