கிருஷ்ணகிரியிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 1,790 கி.மீ. சாலை வழியாக 2,200-க்கு மேல். நம்ம ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையேதான் டெல்லிக்கும் போகிறது. "ரோட்டை மாத்தவே வேணாம்டா, புடிச்சா டெல்லிதான்" என்பார் லாரி ஓட்டிய என் சித்தப்பா.

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து டெல்லி வானில் 1,700 கி.மீ. டிக்கெட்டில் ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் என்று போட்டிருக்கும். ஓடுபாதைவரை உருண்டு போவது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் அதில் சேர்த்தி. பறப்பது என்னவோ இரண்டரை மணி நேரத்துக்குள்தான்.

நமக்குத் தொல்லை, அந்த விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி. நாம் பெங்களூருக்குத் தெற்கே, விமான நிலையம் வடக்கே. 130 கி.மீ.தான், விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். விடிந்து கிளம்பினால் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பட்டேன்.

போன வருஷம் மே மாசம், அம்மாவை டெல்லியில் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். 11 மணி விமானம், 6 மணிக்குக் கிளம்பினோம். ஓசூரில் அம்மாவுக்குக் காபி. பெங்களூர் சில்க் போர்டில் 8.15. ஹெப்பாள் தாண்டும்போது 9.20. செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். நாங்கள் போய் நின்றபோது 9.52. அங்கே பெட்டி 17.5 கிலோ காட்டியது, அனுமதி 15. அவ்வளவும் மல்கோவா! கியூ முறைக்க, அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக மோந்து பார்த்தார். நன்றாகப் பழுத்த ஆறை மட்டும் எடுத்துக் கைப்பைக்கு மாற்றினார். "காய் கீழ போவட்டும், பழம் நசுங்கிரும்." கைப்பையிலிருந்த ஊறுகாய் பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் போய்விட்டது. இன்றுவரை அதற்கு என்னைத்தான் திட்டுகிறார். தங்கச்சி வீட்டுப் படியேறும்போது மதியம் 3.30.

சென்னைக்குப் போய் ஏறலாமா என்றால், அது 250 கி.மீ.; டிக்கெட் ரொம்ப மலிவாகக் கிடைத்தாலொழிய வேண்டாம். தர்மபுரிக்காரர்களுக்கு ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2023 அக்டோபரில் மறுபடி விமானம் விட்டார்கள். சென்னை, ஐதராபாத் போகிறவர்களுக்கு அது வசதி. டெல்லிக்கு அங்கிருந்து மாறித்தான் போக வேண்டும். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024-இல் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். ஆனால் பெங்களூர் நிலையத்தைச் சுற்றி 150 கி.மீ.க்குள் 2033 வரை புதிதாக ஒன்று கூடாதென்று ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. ரயில் நிலையமே இல்லாத ஊர்க்காரன் விமானத்துக்கு ஆசைப்படுவது கொஞ்சம் அதிகம்தான்!

டாக்சிக்குப் பணம் கொடுக்க மனசில்லையா? ஓசூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய் இறங்குங்கள். விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா ஏசி பஸ் இருக்கிறது, பெட்டி வைக்க இடமும் உண்டு. பகல் விமானமென்றால் கூடுதலாக இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காபியை உள்ளே போய்க் குடித்துக்கொள்ளலாம்.