பரிசு கிறிஸ்துமஸுக்கா, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கா?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வேலை காரணமாக இப்போது மாட்ரிடில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அன்றுதான் பரிசு கொடுத்துப் பழக்கம். இங்கே ஏழு வயது மகளைப் பள்ளியில் மூன்று ராஜாக்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பரிசை எந்த நாளில் கொடுப்பது? ஜனவரி 6 அன்று பக்கத்து வீட்டில் விருந்துக்கும் அழைத்திருக்கிறார்கள். அங்கேயும் சின்னப் பிள்ளைகள் உண்டு. என்ன கொண்டுபோகலாம்?

பதில்: பெரிய பரிசை மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 காலைக்கு ஒதுக்கிவிடுங்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த அந்த மூவரும் முந்தைய இரவில் வந்து பரிசு வைத்துவிட்டுப் போவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்குச் சிறிதாக ஏதாவது போதும். ஸ்பெயினில் இன்று நிறைய வீடுகளில் இந்த ஏற்பாடுதான். கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவர், முன்னுரிமை ராஜாக்களுக்கே. பள்ளி திறந்ததும் 'உனக்கு ராஜாக்கள் என்ன கொண்டுவந்தார்கள்?' என்பதுதான் வகுப்பில் பேச்சாக இருக்கும். உங்கள் மகள் மட்டும் முழிக்க வேண்டாமே. ஒரே குறை, 6ஆம் தேதி பரிசு வந்தால் விளையாட நேரமில்லை, உடனே பள்ளி தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கும் ஒன்று கொடுக்கும் பழக்கம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடிதத்தை மகளே எழுதட்டும். மெல்கியோர், கஸ்பார், பல்தசார் மூவரில் யாருக்கு என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்; அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பிடித்த ராஜா ஒருவர் உண்டு. பெரிய கடைகளில் ராஜாக்களின் பணியாள் வேடத்தில் ஒருவர் உட்கார்ந்து கடிதங்களை வாங்கிக்கொள்வார். 5ஆம் தேதி மாலை ராஜாக்களின் ஊர்வலம். மாட்ரிடின் பெரிய ஊர்வலத்தில் நெரிசல் தாங்காது, உங்கள் பகுதியிலேயே நடக்கும் சின்ன ஊர்வலத்துக்குப் போங்கள். வண்டிகளிலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். நீங்களும் ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழை இல்லாவிட்டாலும்.

வீடு திரும்பியதும் மகளுடைய ஷூவைத் துடைத்து ஜன்னல் ஓரமோ பால்கனியிலோ வைக்க வேண்டும். ராஜாக்களுக்குப் பால், பிஸ்கட். ஒட்டகங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர். அவள் தூங்கிய பிறகு பாலைக் குடித்து, பிஸ்கட்டைப் பாதி கடித்து வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான்! குறும்பு செய்த பிள்ளைக்குக் கரிதான் கிடைக்கும் என்பார்கள். அந்தக் கரி கறுப்புச் சாயம் போட்ட சர்க்கரைக் கட்டிதான், கடைகளிலேயே விற்கும்.

இப்போது விருந்து. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் 'இது நாங்கள் வாங்கியது' என்று நீட்டாதீர்கள். 'உங்களுக்கென்று ராஜாக்கள் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். தாத்தா பாட்டி, மாமா, சித்தி எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் பரிசு காத்திருக்கும். பெரியவர்களுக்கு என்ன கொண்டுபோகலாம் என்றால் ரோஸ்கோன். வளைய வடிவில், ஆரஞ்சுப் பூ மணத்தோடு, மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் பதித்த இனிப்பு ரொட்டி. ஆனால் அவர்களும் ஒன்று வாங்கியிருப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நல்ல பேக்கரி என்றால் ஆர்டரும் முன்பே கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது அவசரப்பட்டுக் கடிக்காதீர்கள்: உள்ளே ஒரு சின்னப் பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சை விதையும் இருக்கும். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். விதை கிடைத்தவர் ரோஸ்கோனுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. முக்கால்வாசி அது கேலியோடு முடிந்துவிடும்.

இந்தப் பரிசுப் பழக்கம் ஏன் என்று மகள் கேட்டால், மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைப் படித்துக் காட்டுங்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொடுத்தார்கள். மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ அதில் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவரானார்கள். அரசர்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் என்ற 72ஆம் திருப்பாடலோடு சேர்த்துப் படித்ததில் அவர்களுக்குக் கிரீடமும் வந்தது. இத்தாலியின் ரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்றில் மூவர் பெயரும் இருக்கிறது.

ஆனால் ராஜாக்களே வீடு வீடாக வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைப்பது அவ்வளவு பழையதல்ல. ஸ்பெயின் நகரங்களில் அது வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். அங்குள்ள ஊர்வலங்களில் மூத்ததாகச் சொல்லப்படும் அல்கோய் ஊர்வலத்துக்கு 1866இலேயே பதிவு உண்டு. மொச்சை விதைதான் இவற்றில் உண்மையான பழசு. ஸ்பெயினின் வடக்கே இருந்த நவார் நாட்டு அரசவையில், மத்திய காலத்திலேயே, விதை கிடைத்த சிறுவனை அன்றைக்கு ராஜாவாக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஸ்பெயின் கணக்கை எல்லாக் கத்தோலிக்க நாட்டுக்கும் போடாதீர்கள். இத்தாலியில் அதே இரவில் வருபவள் துடைப்பத்தில் பறக்கும் பெஃபானா என்ற கிழவி. மெக்சிகோவில் ரொட்டிக்குள் குழந்தை இயேசு பொம்மை கிடைத்தவர், பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே (மக்காச்சோள மாவில் அவித்த பலகாரம்) வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். நம்மூரில் இந்தத் திருநாளின், அதாவது திருக்காட்சிப் பெருவிழாவின், பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுகிறோம். ஸ்பெயினில் 6ஆம் தேதியேதான், பொது விடுமுறையும்கூட. அப்புறம், கடையில் விலை போடாத பரிசு ரசீது கேட்டு வாங்கிப் பொட்டலத்தோடு வையுங்கள், அளவு சரியில்லை என்றால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஆனால் 7ஆம் தேதி தள்ளுபடி விற்பனைக் கூட்டம் அள்ளும், மாற்றும் வேலையை ஓரிரு நாள் கழித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.