விடுதிச் சாப்பாடும் வயிற்றுப் பொருமலும்: உணவியலாளர் பதில்கள்

விடுதி மாணவி, நாகர்கோவில்: அக்கா, மத்தியானம் சாப்பிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் வயிறு உப்பி, பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஃபாட்மேப் உணவு முறைக்கு மாறட்டுமா?

சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகிற சில சர்க்கரைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர். 2005-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்த பெயர் இது. கோதுமை, உள்ளி (வெங்காயம்), பூண்டில் ஃபிரக்டான் இருக்கிறது. பயறு, கடலையில் ராஃபினோஸ் வகை, பாலில் லாக்டோஸ். இவற்றைக் குறைக்கும் முறை ஐ.பி.எஸ். என்ற குடல் தொந்தரவு உள்ளவர்களுக்கு. அதுவும் 2 முதல் 6 வாரம்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மத்தியானம் அவசரமாக வயிறு முட்டச் சாப்பிடுகிறீர்களா? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மார்த்தாண்டம்: எடை குறையுமா?

இது அதற்கான முறை இல்லை.

கருங்கல்: சாம்பாரில் கிடக்கும் உள்ளியைப் பொறுக்கி வைத்தால் போதுமா?

போதாது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும். உள்ளியை எடுத்தாலும் சாம்பாரில் இறங்கியது இறங்கியதுதான். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டைத் தண்ணீர் சேராமல் எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், வயிறு சும்மா இருக்கும்.

தக்கலை: எங்க ஆச்சி 90 வயது வரை உள்ளித் தீயல் சாப்பிட்டார்கள். ஒரு ஃபாட்மேப்பும் வரவில்லை!

அது நோயில்லை மக்களே, வருவதற்கு. ஆச்சிக்கு ஒத்துக்கொண்டது, சாப்பிட்டார்கள். குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு ஃபிரக்டான்தான் தீனி. அதனால்தான் காலத்துக்கும் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

கருங்கல்: ஒத்துக்கொள்ளாதவர்கள் கத்தரிக்காய்த் தீயல் வைக்கலாமே?

வைக்கலாம். ஆனால் தேங்காயோடு சேர்த்து வறுக்கும் உள்ளியையும் விட வேண்டும்.

தக்கலை: உள்ளி போடாமல் வறுத்தால் அது தீயலா?

இதற்குப் பதில் என் படிப்பில் இல்லை. உங்கள் ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.

குளச்சல்: எடை குறைய இந்த முறை…

மேலே பாருங்கள்.

இரணியல்: மட்டிப்பழம்?

வாழைப்பழம் கனியக் கனிய ஃபிரக்டான் கூடும். தொந்தரவு இருந்தால் ரொம்பக் கனியாததாக ஒன்று சாப்பிடுங்கள். தொந்தரவு இல்லையென்றால், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்தை ஏன் விட வேண்டும்?

மார்த்தாண்டம்: ராத்திரி புரோட்டாவை நிறுத்தி ஒரு மாதம். கோதுமையும் தொடுவதில்லை. நன்றாக இருக்கிறது. சீலியாக் பரிசோதனை வேண்டுமா?

சீலியாக் என்பது கோதுமையிலுள்ள புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய். அதற்கான பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். சாப்பிடாமல் இருக்கும்போது எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு இருப்பவர்களும் எனக்கு எழுத வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளச்சல்: மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் குழம்பும்?

மீனில் ஃபாட்மேப் கிடையாது. குழம்பில் எத்தனை உள்ளி என்று பாருங்கள். மரச்சீனியை நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். அது வாயுவுக்காக இல்லை, கிழங்கிலுள்ள சயனைடு போவதற்கு.